லாஹ்லிக்குப் போகாத ஸ்வெட்டர்

கிரிக்கெட் ஆட்டத்தைப் பார்ப்பதற்கென்று பிறந்தவர்கள் உலகத்தில் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். ஆட்டம் நடப்பதற்கு முந்தைய ஒரு வாரத்தை அனுபவிப்பதற்கென்றே பிறந்தவர்கள், நான் கண்ட வரையில், மும்பை மாட்டுங்காவில்தான் இருக்கிறார்கள். அவர்களில் தலைசிறந்தவரை நாங்கள் மாமா என்று அழைப்பது வழக்கம். உறவு முறையில் அவர் எனக்கு மாமா அல்ல. வேறு யாருக்காவது மாமாவா என்பதும் நான் விசாரித்தறியாத விஷயம். ஆனால் கிங்ஸ் சர்க்கிளிலிருந்து ஃபைவ் கார்டன்ஸ் வரைக்கும் பரந்து கிடக்கும் பிரதேசத்தில், வேஷ்டிக்குக் கீழே கான்வாஸ் பூட்ஸ் அணிந்து, காலை ஆறு மணிக்கு உலாவப் புறப்படுகிற எழுபத்தைந்து வயதுப் பெரியவரை வேறு எப்படித்தான் அழைப்பது?

மாமாவின் பக்தி முழுவதும் ரஞ்சிக் கோப்பையின்பால். சர்வதேச ஆட்டங்களை அவர் ஒரு பொருட்டாக மதிப்பதில்லை. "அதெல்லாம் கல்யாணத்திலே கச்சேரி வைக்கிற மாதிரி ஓய், உட்கார்ந்து கேட்கிறவன் யார்?" என்பார். ரஞ்சி என்றாலோ, காலியாகக் கிடக்கும் மைதானமும், மரத்தடியில் நாலு கிழவர்களும், ஸ்கோர் எழுதும் பையனும் சேர்ந்த அந்தச் சூனியத்தில்தான் கிரிக்கெட்டின் ஆத்மா குடியிருக்கிறது என்பது அவருடைய சித்தாந்தம். மும்பை நாற்பத்திரண்டு தடவை கோப்பையை வென்ற அணி என்பதை, தம் குடும்பத்து ஆஸ்தியின் கணக்கைச் சொல்வதுபோல் சொல்லுவார். மாட்டுங்காவிலேயே குடியிருந்த தாதர் யூனியன் கிளப்பிலிருந்து கவாஸ்கரும் வெங்சர்க்காரும் கிளம்பினார்கள் என்பதால், அவ்விருவர் வளர்ச்சியிலும் தமக்கு ஏதோ ஒரு பங்கு இருப்பதாக அவர் பாவித்துக்கொள்வது உண்டு. தெருவில் நின்று பார்த்ததைத் தவிர வேறு என்ன பங்கு என்று கேட்டால் கோபம் வந்துவிடும்.

தமிழராகிய இவர் தமிழ்நாட்டு அணியை ஆதரிக்காமல் போனது ஏன் என்ற கேள்விக்கு ஒரு பூர்வகதை உண்டு. 1973-ஆம் வருஷத்து இறுதி ஆட்டம் சேப்பாக்கத்தில். தமிழ்நாட்டின் வெங்கட்ராகவனும் வி.வி. குமாரும் சுழற்றுவதற்கென்று ஆடுகளம் தயாராயிற்று. பம்பாய் 151, அடுத்த இன்னிங்ஸில் 113 என்று அவர்கள் நினைத்தபடியே சுருண்டது. ஆனால் அதே களத்தில் பம்பாயின் பத்மாகர் சிவால்கர் பந்தைக் கையிலெடுத்ததும், முதல் இன்னிங்ஸில் பதினாறு ரன்னுக்கு எட்டு விக்கெட், மொத்தத்தில் பதின்மூன்று என்று எடுத்து, தமிழ்நாட்டை எண்பதுக்கும் அறுபத்தொன்றுக்கும் ஆட்டமிழக்கச் செய்துவிட்டார். மூன்றாம் நாள் முதல் பந்தோடு எல்லாம் முடிந்தது. பம்பாய்க்கு அது தொடர்ந்து பதினைந்தாவது கோப்பை. அந்த மாதம் மாமா மயிலாப்பூரில் பெண் பார்க்கப் போயிருக்கிறார். பெண்ணின் தகப்பனார் பஜ்ஜியை நகர்த்தி வைத்துவிட்டு, "சிவால்கரைப் பற்றி மாப்பிள்ளைக்கு என்ன அபிப்பிராயம்?" என்று கேட்க, இவர் உள்ளபடியே அபிப்பிராயத்தைச் சொல்லிவிட்டார். சம்பந்தம் அத்துடன் முறிந்தது. இப்போதைய மாமி கிரிக்கெட் என்றால் என்னவென்று அறியாத பாலக்காட்டுக் குடும்பத்திலிருந்து வந்தவள்.

போகட்டும். நான் சொல்ல வந்தது 2025-ஆம் வருஷத்துக் கால் இறுதியின் விருத்தாந்தம்.

அவ்வருஷம் மும்பைக்கு நேரம் சரியில்லை. ஜனவரி மாதக் கடைசியில், தாராவிக்கு அக்கரையில், மித்தி நதியைத் தாண்டினால் வருகிற பாந்திரா-குர்லா வளாகத்து மைதானத்துக்கு ஜம்மு-காஷ்மீர் அணியார் வந்து, ரோஹித் சர்மா, ஜெய்ஸ்வால், ரஹானே என்று மகாரதர்கள் நிறைந்திருந்த மும்பையை முதல் இன்னிங்ஸில் 120-க்குச் சுருட்டி, ஐந்து விக்கெட் வித்தியாசத்தில் வென்றுவிட்டுப் போய்விட்டார்கள். பனிப்பிரதேசத்தார் நம்முடைய உஷ்ணத்துக்கு வந்து நம்மையே ஜயிப்பதா என்று மாமா இரண்டு நாள் ஆகாரம் சரியாகக் கொள்ளவில்லை. அடுத்த ஆட்டத்தில் மேகாலயா அணி இரண்டு ரன்னுக்கு ஆறு விக்கெட்டுகளை இழந்து நிற்கவும், முடிவில் ஓர் இன்னிங்ஸும் 456 ரன்களும் என்ற கணக்கில் மும்பை வெல்லவும், கொஞ்சம் தேறினார். ஆனாலும் கால் இறுதிக்குப் போவது மும்பையின் கையில் மட்டும் இல்லை. பரோடா தோற்க வேண்டும். பரோடாவைத் தோற்கடித்தவர்கள் யார் என்றால், அதே ஜம்மு-காஷ்மீரார்! அன்று முதல் மாமா அவர்களை "நம்ம பசங்க" என்று சொல்லத் தலைப்பட்டார். ஒரே வாரத்தில் வைரி பந்துவாகிற வித்தை அரசியலுக்கே உரியது என்று நான் நினைத்திருந்தேன்.

கால் இறுதி அரியானாவுடன். இடம் ரோத்தக்குக்குப் பக்கத்திலுள்ள லாஹ்லி. பிப்ரவரி 8-ஆம் தேதி ஆரம்பம். இந்தச் செய்தி வந்த கணத்தில் மாமாவுக்கு வயசு இருபது குறைந்தது. ஒன்று, எதிரி அரியானா. 1991-ஆம் வருஷம் மே மாதம், வான்கடே மைதானத்தில், 355 எடுத்தால் கோப்பை என்ற நிலையில், டெண்டுல்கர் 96-ம் வெங்சர்க்கார் ஆட்டமிழக்காமல் 139-ம் அடித்தும், 352-ல் கடைசி ஆட்டக்காரர் ரன் அவுட்டாகி, கபில் தேவின் அரியானா இரண்டே ரன்னில் ஜயித்ததும், வெங்சர்க்கார் மைதானத்திலேயே கண்ணீர் விட்டதும் மாமாவின் குடும்பத்தில் ஒரு சிராத்த தினம்போல் வருஷாவருஷம் நினைக்கப்பட்டு வருகின்றன. இரண்டு, இடம் லாஹ்லி. நிலத்தடி நீர் மேலேயே நிற்பதால் களம் காலையில் ஈரம் காய்வதில்லை. பந்து இரண்டு பக்கமும் வளையும். 2013-ல் டெண்டுல்கர் தம்முடைய கடைசி ரஞ்சி ஆட்டத்தை அங்கேதான் ஆடி, இரண்டாம் இன்னிங்ஸில் 79 அடித்து நிலைத்து நின்று மும்பையைக் கரையேற்றினார். முதல் இன்னிங்ஸில் அவர் ஐந்தே ரன்னில் போனதை மாமா பிரஸ்தாபிப்பதில்லை; நாமும் பிரஸ்தாபிக்கக் கூடாது.

மூன்றாவது காரணம்தான் முக்கியம். அது குளிர்.

மும்பைவாசிக்குக் குளிரைப் போல் அபூர்வமான பதார்த்தம் வேறில்லை. ஜனவரியில் இரண்டு நாள் பதினாறு டிகிரிக்கு இறங்கிவிட்டால் நகரமே மஃப்ளரும் குரங்குக் குல்லாயுமாக வெளிப்பட்டு ஒருவரையொருவர் பரிதாபத்துடன் பார்த்துக்கொள்ளும். சாந்தாகுரூஸில் 1962 ஜனவரி 22-ஆம் தேதி 7.4 டிகிரி பதிவானதே, அதைக் குழந்தைப் பருவத்தில் நேரில் அனுபவித்தவர் என்ற தகுதியினால், குளிரைப் பற்றிய சகல விஷயங்களிலும் மாமாவே பிரமாணம். ஆகவே, மும்பையின் மத்தியான வெயில் முப்பது டிகிரிக்கு மேல் காய்ந்துகொண்டிருந்த அந்தப் பிப்ரவரி முதல் வாரத்தில், பரண்மேல் இருந்த டிரங்குப் பெட்டி இறங்கிற்று. நாப்தலின் உருண்டைகள் உதிர்ந்தன. லூதியானாவில் நெய்யப்பட்ட கரும்பச்சை ஸ்வெட்டர் ஒன்று வெளியே வந்தது. மாமா லாஹ்லிக்குப் போகவில்லை. போகும் உத்தேசமும் இல்லை. தொலைபேசியில் ஸ்கோரைப் பார்ப்பதற்குத்தான் இத்தனையும். "ஆடறவனுக்கு இருக்கிற கஷ்டம் நமக்கும் கொஞ்சம் தெரியணுமோ இல்லையோ?" என்று கேட்டுவிட்டு, மறுநாள் காலை ஸ்வெட்டர், மஃப்ளர், குல்லாய் சகிதம் ஃபைவ் கார்டன்ஸ் பெஞ்சில் வியர்வை வழிய வீற்றிருந்தார். பக்கத்துப் பெஞ்சுப் பார்சிக் கிழவர் அவரைப் பார்த்து, ஜுரமா என்று விசாரித்தார்.

அந்தப் பெஞ்சில் தினந்தோறும் கூடும் சபைக்கு மூவர் அங்கத்தினர். இரண்டாமவர் செம்பூரிலிருந்து பஸ் ஏறி வருகிறவர். உரத் தொழிற்சாலையில் ரசாயனம் பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் விஞ்ஞான ரீதியாகத்தான் பேசுவார். காற்றின் ஈரம், பனி படியும் நேரம், சூரியோதயம் என்று ஒரு காகிதத்தில் கணக்கிட்டு, டாஸ் ஜயித்தால் முதலில் பந்து வீச வேண்டும் என்று முடிவு கட்டினார். அவருக்கு அணியைவிட சூர்யகுமார் யாதவிடம் அபிமானம் அதிகம். அணுசக்தி நகரில் வளர்ந்த பிள்ளை, எங்கள் பேட்டைப் பிள்ளை என்பார். மூன்றாமவர் தாராவியிலிருந்து சைக்கிளில் இட்லிப் பாத்திரம் கட்டிக்கொண்டு வருகிற திருநெல்வேலித் தம்பி. இட்லி தீர்ந்தாலும் தீராவிட்டாலும் பத்து நிமிஷம் நின்று போவான்.

"ஐயா, அங்க பனி பயங்கரமா இருக்காம்லா. பந்து கண்ணுக்கே தெரியாதாம்லா. அப்பம் அம்பயரு எப்படி அவுட்டு கொடுப்பாரு?" என்றான் ஒரு நாள்.

"அதுதான் மும்பைக்குச் சாதகம்" என்றார் மாமா. "கண்ணுக்குத் தெரியற பந்தை எவன் வேணும்னாலும் ஆடுவான். நாமெல்லாம் கடூஸ் ஜாதி."

கடூஸ் என்ற இந்த மராத்தி விசேஷணத்தை மும்பை ஆட்டக்காரர்கள் பட்டம்போல் சுமக்கிறார்கள். வளைந்து கொடுக்காதவன், கடுகடுத்தவன், தோல்வியை ஒப்புக்கொள்ளாதவன் என்று பொருள் விரியும். மாயவரம் பக்கத்து அக்ரகாரத்தில் வேர்கொண்ட ஒரு குடும்பத்தின் வாரிசு, ஸ்வெட்டருக்குள் புழுங்கிக்கொண்டு, தம்மையும் அந்த ஜாதியில் சேர்த்துக்கொண்டபோது செம்பூர்க்காரர் மட்டும் மெல்லக் கனைத்தார்.

இதற்கிடையில் அமெரிக்காவிலிருந்து பேரன் பேசினான். அந்த ஊர்க் கால்பந்தில் 1967 டிசம்பர் 31-ஆம் தேதி கிரீன் பே என்ற ஊரில், பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தைந்து டிகிரிக் குளிரில், டல்லாஸ்காரர்களோடு ஓர் இறுதி ஆட்டம் நடந்ததாகவும், நடுவர்களின் விசில்கள் உறைந்துபோய் ஊதாமல், வாயாலேயே கத்தி ஆட்டத்தை நடத்தினார்கள் என்றும் சொன்னான். மாமா பதில் பேசாமல் சற்று நேரம் இருந்தார். பிறகு, "அவாளுக்கு அது பழக்கம், நமக்கு 7.4 என்பது அதைவிட ஜாஸ்தி" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார். ஆனால் அன்று மாலை கையுறை வாங்குவதற்காகத் தாதர் வரைக்கும் போய்விட்டு வந்ததாக மாமி சொல்லிக் கேள்வி.

ஆட்டத்துக்குச் சில நாட்களே இருக்கும்போது அந்த அசம்பாவிதம் நடந்தது. கால் இறுதி லாஹ்லியில் இல்லை, கல்கத்தாவில், ஈடன் கார்டன்ஸில் என்று கிரிக்கெட் வாரியம் மாற்றிவிட்டது. வடக்கே குளிர்காலத்துப் பனிமூட்டம் வெளிச்சத்தைத் தின்றுவிடும் என்பதே காரணம் என்று பேசிக்கொண்டார்கள். எந்தக் குளிருக்காக ஒருவர் மாட்டுங்கா வெயிலில் தபஸ் செய்தாரோ, அந்தக் குளிரையே காரணமாகக் காட்டி அந்தக் குளிரிலிருந்து ஆட்டத்தை அப்புறப்படுத்திவிட்டார்கள்!

மும்பைக்கு இதனால் லாபமே தவிர நஷ்டமில்லை. அரியானா தன் சொந்த மைதானத்தை இழந்தது. செம்பூர்க்காரர் இதை எடுத்துச் சொன்னார். களமே மாறிவிட்டது, ஆகவே தம் கணக்கும் வீண் என்றாலும், விஞ்ஞானிக்குரிய நிதானத்தோடு காகிதத்தைக் கிழித்துப் போட்டார். மாமா எதையும் செவியில் வாங்கிக்கொள்ளவில்லை. "கல்கத்தாவிலே என்ன ஓய் குளிர்? அங்கே குளிர்ங்கறது பெங்காலிகளோட கற்பனை" என்றார். பெங்காலிகளும் குரங்குக் குல்லாய்க்குப் பேர் போனவர்களாயிற்றே என்று ஆறுதலாகச் சொல்ல வாயெடுத்தேன். மாமாவின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன். குல்லாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸைத் தவற விட்டவர்போல் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆட்டம் நடந்தது. அதைப் பற்றிச் சொல்வதற்கு நிறைய உண்டு. மும்பை 113-க்கு ஏழு விக்கெட் இழந்து தத்தளித்தபோது, ஷம்ஸ் முலானி 91-ம் தனுஷ் கோட்டியான் 97-ம் எடுத்துக் கை தூக்கிவிட்டார்கள். ஷார்துல் தாக்கூர் ஆறு விக்கெட் எடுத்தார். ரஹானே சதம் போட்டார். செம்பூர்ப் பிள்ளை சூர்யகுமாரும் எழுபது எடுத்து எங்கள் விஞ்ஞானியைச் சிறுபிள்ளைபோல் கைதட்ட வைத்தார். இட்லித் தம்பி சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு ஸ்கோரை உரக்க வாசிக்க, ஒவ்வொரு விக்கெட்டுக்கும் பார்சிக் கிழவர் உட்படச் சகலரும் ஆர்ப்பரித்தோம். மாமா மட்டும் தினசரியில் வரன் விளம்பரங்களைப் படித்துக்கொண்டிருந்தார். அவரைப் பொறுத்தவரை ஆட்டம் என்பது, வாரக்கணக்கில் ருசித்துச் சமைத்த விருந்தின்மேல் யாரோ வந்து உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகிற காரியம். அதிலும் இந்தத் தடவை இலையே வேறு ஊரில் போட்டாயிற்று.

ஒரே ஒரு தடவைதான் நிமிர்ந்தார். நாலாவது இன்னிங்ஸில் அரியானாவுக்கு வேண்டியது 354 என்று தம்பி வாசித்தான்.

"எத்தனை?"

"முன்னூத்தி அம்பத்திநாலு, ஐயா."

"நமக்கு அன்னிக்கு முன்னூத்தி அம்பத்தஞ்சு" என்றார் மாமா. முப்பத்து நாலு வருஷத்துப் பாக்கிக்கு ஒரு ரூபாய் தள்ளுபடி கொடுக்கிற லேவாதேவிக்காரரின் தாராளம் அந்தக் குரலில் இருந்தது. அரியானா 201-ல் முடிந்து, மும்பை 152 ரன்னில் ஜயித்தது. மாமா எழுந்து, வேஷ்டியைத் தட்டிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குப் போனார்.

அதற்குள் நாக்பூரிலிருந்தும் செய்தி வந்திருந்தது. அங்கே நடந்த கால் இறுதியில் விதர்பா அணி தமிழ்நாட்டை 198 ரன்னில் தோற்கடித்துவிட்டது. அரை இறுதியில் மும்பையை எதிர்க்கப் போவது அதே விதர்பா, இடமும் அதே நாக்பூர், பிப்ரவரி 17.

மறுநாள் காலை நான் ஃபைவ் கார்டன்ஸுக்குப் போனபோது, பெஞ்சில் ஸ்வெட்டரும் இல்லை, மஃப்ளரும் இல்லை. மாமா மெல்லிய மல் ஜிப்பாவில், கழுத்தில் ஈரத் துண்டைச் சுற்றிக்கொண்டு, கையில் பழைய பனையோலை விசிறி ஒன்றைப் பிடித்தபடி, செம்பூர்க்காரருக்கு ஏதோ உபந்நியாசம் செய்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நகர்ந்து இடம் விட்டார்.

"வாரும் ஓய். நம்ம தமிழ்நாட்டுப் பசங்களை என்ன பண்ணியிருக்கான் பார்த்தீரோ? விடப்படாது. ஆனா ஒண்ணு சொல்றேன், நாக்பூர் வெயில் லேசுப்பட்டதில்லை. மாமியை மோர் மிளகாய் போடச் சொல்லியிருக்கேன். வீட்டிலே ஃபானை இன்னியோட நிறுத்தியாச்சு."