போப் அனுப்பிய ஆள்

கேள்வி: மதம் தலையிட்டு எங்காவது போர் நின்றிருக்கிறதா? மூட்டிவிட்டதாகத்தான் கேள்வி!

பதில்: நின்றிருக்கிறது. தென் அமெரிக்காவின் தென்கோடியில், பீகிள் கால்வாயையொட்டி பிக்டன், லெனாக்ஸ், நுவேவா என்று மூன்று தீவுகள். அவற்றுக்காக 1978 டிசம்பரில் அர்ஜென்டினாவும் சிலியும் மோதத் தயாராக நின்றன. இரண்டிலும் ராணுவ ஆட்சி, இரண்டும் கத்தோலிக்க நாடுகள். இரு தரப்பும் ஒரே ஏசுவிடம் வெற்றி கேட்டு மனுப் போட்டால் அவர்தான் என்ன செய்வார்!

போப் இரண்டாம் ஜான் பால், கர்தினால் அன்டோனியோ சமோரேயை அனுப்பினார். எழுபது தாண்டிய அந்த மனிதர் இரு தலைநகரங்களுக்கும் மாறி மாறிப் பறந்தார். 1979 ஜனவரி 8-ல் மான்டிவிடியோவில் இரு நாடுகளும் மத்தியஸ்தத்துக்குச் சம்மதித்துக் கையெழுத்திட்டன. தளபதிகளுக்கு மானம் போகாமல் பின்வாங்க ஒரு சாக்கு வேண்டியிருந்தது. போப் அதைக் கொடுத்தார்.

அப்புறம் பேச்சு இழுத்த இழுப்பில் 1983-ல் சமோரே காலமானார். அர்ஜென்டினாவில் ராணுவம் போய்த் தேர்தலில் வென்ற அரசு வந்த பிறகுதான், 1984 நவம்பர் 29-ல் வாடிகனில் ஒப்பந்தம் கையெழுத்தானது. தீவுகள் சிலிக்கு.

எல்லா இடத்திலும் இது பலிக்காது. அந்த நெருக்கடியின்போது அர்ஜென்டினாவில் போப்பின் தூதராக இருந்தவர் பியோ லாகி. இராக் மீது போர் வேண்டாமென்று சொல்ல, 2003 மார்ச் தொடக்கத்தில் அதே போப் அவரையே அமெரிக்க அதிபர் புஷ்ஷிடம் அனுப்பினார். பக்திமான் புஷ் அவரைச் சந்தித்தார். இரண்டு வாரம் கழித்து பாக்தாத்தில் குண்டு விழுந்தது.