மனசு மதிப்பு

வீடு விற்பதில் எங்கள் சித்தப்பாவுக்கு இணை மயிலாடுதுறை வட்டாரத்திலேயே இல்லை. மற்றவர்கள் வீட்டை ஒரே நாளில் விற்றுவிட்டுப் போய்விடுவார்கள். இவர் ஆறு வருஷமாக விற்றுக்கொண்டிருக்கிறார்.

சாமானியர்கள் விலை சொல்லுமுன் வழிகாட்டி மதிப்பைப் பார்ப்பார்கள், பக்கத்து மனை என்ன விலைக்குப் போனது என்று விசாரிப்பார்கள். சித்தப்பா கண்டுபிடித்தது மனசு மதிப்பு. கொல்லை மாமரத்தில் அவர் ஊஞ்சல் ஆடியதற்கு இரண்டு லட்சம். பாட்டி கோலம் போட்ட வாசலுக்கு ஐந்து லட்சம். நிலைப்படியில் எங்கள் உயரத்தைக் குறித்த பென்சில் கோடுகளுக்கு இன்னும் விலை படியவில்லை. பத்திரத்தில் எழுதும் விலைக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஆக, சித்தப்பா சின்ன வயதில் ஊஞ்சல் ஆடியதற்காக முன்பின் தெரியாத ஒருவர் அரசாங்கத்துக்கு மட்டும் 18,000 ரூபாய் கட்ட வேண்டும். இப்படியொரு பாக்கியம் யாருக்குக் கிடைக்கும்?

“வர்றவங்ககிட்ட நீங்க ஒண்ணும் பேசாம இருங்க சார், மத்ததை நான் பார்த்துக்கறேன்” என்று தரகர் கெஞ்சிப் பார்த்தார். அவருக்குத் தொழில் தெரியாது. கூடத்துச் சுவரின் ஈரக்கறையைக் காட்டி ஒருவர் முகம் சுளித்தபோது சித்தப்பா அல்லவா காப்பாற்றினார்! “கறையா? 1977 புயல் சார் அது. அன்னிக்கு ராத்திரி தெருவே இந்தக் கூடத்துலதான் படுத்திருந்தது.” புயல் கரை கடக்க முக்கால் மணி நேரம் ஆனது. வந்தவர் விலையைக் கேட்கவே மறந்துபோனார். ஞாபகப்படுத்தலாம் என்றால் அதன்பிறகு அவர் போனை எடுக்கவில்லை.

இன்னொருவருக்கு உண்மை பேசும் கெட்ட பழக்கம். “மனைக்குத்தாங்க விலை. கட்டடத்தை இடிச்சுட்டு நாலு ப்ளாட் கட்டப்போறேன்” என்றார். தெரு விலைக்குமேல் தரவும் தயாராக இருந்தார். “எங்கம்மா மூச்சு இருக்கிற வீடுய்யா இது!” என்று சித்தப்பா துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். அந்தத் தாய்ப்பாசத்தைப் பார்த்துத் தரகரே கண் கலங்கினார், கமிஷன் போன துக்கமாகவும் இருக்கலாம். பாட்டி அந்த வீட்டில் தனியாக மூச்சு விட்டுக்கொண்டிருந்த பதினொரு வருஷமும் சித்தப்பா பெங்களூரிலிருந்து பொங்கலுக்குப் பொங்கல் வந்து, மறுநாள் மைசூர் எக்ஸ்பிரஸிலேயே திரும்பிவிடுவார். அதையெல்லாம் இப்போது கிளறுவது சின்னபுத்தி.

தாத்தா உயில் எழுதாமல் போனதால் அத்தைக்கும் சமபங்கு. அவள் சென்னையில் வாடகை வீட்டில் இருக்கிறாள். கேட்டால், “பணம் இன்னிக்கு வரும், நாளைக்குப் போகும். வீடு வருமா?” என்கிறார் சித்தப்பா. அவருக்கு பெங்களூரில் இரண்டு இருக்கின்றன.

முப்பது வருஷத்துக்கு வில்லங்கச் சான்று எடுத்துவிட்டோம். வில்லங்கம் எதுவும் இல்லை என்றுதான் வந்திருக்கிறது. வாங்கும் எண்ணமுள்ளவர்கள் தாராளமாக வரலாம். சித்தப்பா ஊரில் இருக்கும் நாளில் வந்தால் காபியும் உண்டு.