பிசிறும் பங்காளியும்: கறுப்பு டி-ஷர்ட்டில் வெள்ளை நூல் ஒட்டுவது குறித்த ஓர் ஆய்வு

கட்டிங், ஓவர்லாக், பேட்லாக், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று ஒரு பாலியஸ்டர் டி-ஷர்ட் திருப்பூரில் பல கை மாறித்தான் பெட்டிக்குள் போகிறது. இந்தப் பயணத்தில் வெள்ளை நூல் பிசிறு கறுப்புச் சட்டையையே தேடிப் போய் ஒட்டுவது ஏன் என்ற கேள்வி இதுவரை உரிய கௌரவத்துடன் ஆராயப்படவில்லை. வெள்ளைச் சட்டையிலும் ஒட்டத்தான் செய்கிறது, கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான் என்பாரும் உளர். விஷயத்தை இவ்வளவு சீக்கிரம் முடித்துவிடும் விளக்கங்களை ஆய்வுலகம் ஏற்பதில்லை.

முன்னோர் ஆய்வுகளைப் பார்ப்போம். தேய்த்த அம்பர் துரும்பை இழுப்பதைச் சுமார் 2,600 ஆண்டுகளுக்கு முன் கிரேக்கத்துத் தேலீஸ் கவனித்ததாகச் சொல்வார்கள். அவர் திருப்பூர்க் காதர்பேட்டைக்கு வந்ததற்குச் சான்றில்லை. 1672-ல் ஜெர்மானியர் ஓட்டோ ஃபான் கெரிக்கே, தேய்த்த கந்தக உருண்டை இறகை இழுப்பதையும், தொட்டபின் அதையே விரட்டுவதையும் எழுதிவைத்தார். 1733-ல் பாரிஸில் டூ ஃபே என்ற அறிஞர், மின்னேற்றம் இரண்டு வகை, ஒரே வகை விலகும், வேறு வகை சேரும் என்று நிறுவினார்.

கொங்கு நாட்டார் இதற்காகப் பாரிஸ் போக வேண்டியதில்லை. ஒரே கூட்டத்தார், அதாவது ஒரே குலத்தார், பங்காளிகள், அவர்களுக்குள் பெண் கொடுக்கல் வாங்கல் கிடையாது. வேறு கூட்டமென்றால் மாமன் மச்சான், தாராளமாக ஒட்டிக்கொள்ளலாம். டூ ஃபே கண்டது இந்தக் கூட்டமுறையைத்தான் என்பது இக்கட்டுரையின் துணிபு. பிறகு வந்த பெஞ்சமின் ஃபிராங்க்ளின் கூட்டங்களுக்கு நேர், எதிர் என்று பெயர் வைத்ததோடு சரி.

பாலியஸ்டர் சட்டையைத் தலைவழியே கழற்றிப் பாருங்கள். சட்டை முடியிலிருந்து எலெக்ட்ரானைப் பறித்துக்கொண்டு எதிர்க் கூட்டத்தில் சேர்கிறது. பறிகொடுத்த முடிகள் எல்லாம் நேர்க் கூட்டம். ஒவ்வொரு முடியும் பக்கத்து முடியோடு ஆகாமல் எழுந்து நிற்கிறது. பங்காளித் தகராறு உச்சந்தலையிலேயே நடப்பதை வேறெங்கும் இவ்வளவு தெளிவாகக் காண முடியாது. தேய்க்கும்போது எலெக்ட்ரான் ஏன் ஒரு பக்கமாகவே போகிறது என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் முழு உடன்பாடில்லை. அவர்களும் ஒரே கூட்டம்போலும்.

சிக்கல் பிசிறில்தான் வருகிறது. அதற்குக் கூட்டமே இல்லை, நேருமில்லை, எதிருமில்லை. பின் ஏன் ஒட்டுகிறது? எதிர்மின் ஏறிய சட்டையை நெருங்கியதும் பிசிறின் கிட்டத்து முனை நேர்மின் முகத்தையும் தூரத்து முனை எதிர்மின் முகத்தையும் காட்டுகிறது. அருகே மச்சான், அப்பால் பங்காளி. தூரம் இரட்டித்தால் விசை நாலில் ஒன்றாகும் என்று 1785-ல் கூலும் என்ற அறிஞர் அளந்து காட்டிவிட்டதால், கிட்ட இருக்கும் மச்சானின் இழுப்பே வெல்கிறது. எந்தப் பக்கமும் சாராத ஆளை எந்தப் பக்கமும் இழுக்கலாம் என்பது பஞ்சாயத்துத் தேர்தலில் நின்றவர்களுக்குப் புதிய செய்தியல்ல.

இந்த மின்சாரத்தைக் குறைவாக எடைபோடக் கூடாது. கதவுப் பிடியில் விரல் வைத்து 'சுரீர்' என்று உணர வேண்டுமானால் உடம்பில் சுமார் 3,000 வோல்ட்டாவது ஏறியிருக்க வேண்டும். கம்பெனிக்கு வரும் ஈ.பி. லைன் 415 வோல்ட்தான். ஆனால் பாயும் மின்னூட்டம் மிகச் சொற்பம் என்பதால் ஆள் பிழைக்கிறார், பில்லும் வருவதில்லை.

பழைய பருத்திப் பனியன் காலத்தில் இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை. 100 கிலோ உலர்ந்த பருத்தி, காற்றிலிருந்து சுமார் எட்டரைக் கிலோ ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் வாங்குவது 400 கிராம். ஈரம் இருந்தால் ஏறிய மின்னூட்டம் கசிந்து ஓடிவிடும். பாலியஸ்டரோ வாங்கியதை விடாது. மாசி, பங்குனியில் காற்று காய்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். தரையில் தண்ணீர் தெளிக்கும் அக்காமார்கள் புழுதிக்காகத்தான் தெளிக்கிறார்கள் என்று நினைப்பது ஆய்வுக் குறைபாடு. டையிங்கில் கடைசியாகப் போடும் சாஃப்ட்னரும் துணியின் மேல் கொஞ்சம் ஈரத்தைப் பிடித்துவைத்து இதே வேலையைச் செய்கிறது.

இறுதியாக, செக்கிங் மேசையில் கையில் சுற்றியிருக்கும் ஒட்டு டேப். பிசிறை எடுக்க இதைவிட மலிவான கருவி இல்லை. ஆனால் டேப்பை உரிப்பதே மின்னேற்றும் செயல். 2008-ல் லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தார் வெற்றிடத்தில் டேப்பை உரித்து எக்ஸ் கதிரே வரவழைத்துவிட்டார்கள். நம்மூர் செக்கிங் மேசையில் காற்று இருப்பதால் அந்தப் பயம் இல்லை. பழைய பிசிறை டேப் எடுத்துவிடும், உரிந்த இடத்தில் மின்னேற்றம் தங்கினால் அடுத்த மேசைப் பிசிறு கிளம்பி வரும், அதையும் டேப்பால்தான் எடுக்க வேண்டும். பீஸ் ரேட் மட்டும் ஒரு தடவைக்குத்தான்.