டாவின்சி கேட்ட வேலை

கேள்வி: கவின் கலைக் கல்லூரியில் நாலு வருடமாக வரைந்தது, வடிவமைத்தது எல்லாவற்றையும் இணையத்தில் போர்ட்ஃபோலியோவாகப் போட்டுவிடலாமா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: தாராளமாக. பார்க்கிறவருக்கும் நாலு வருடம் லீவு கிடைத்தால்!

1482 வாக்கில் மிலானை ஆண்டுகொண்டிருந்த லுடோவிகோ ஸ்ஃபோர்ஸாவிடம் வேலை கேட்டு லியனார்டோ டாவின்சி ஒரு கடிதம் தயாரித்தார். பாலம், பீரங்கி, சுரங்கம் என்று அடுக்கிவிட்டு, ஓவியத்தைக் கடைசியில்தான் சேர்த்தார். போரில் மூழ்கியிருந்தவருக்கு எது வேண்டும் என்று டாவின்சிக்குத் தெரியாதா என்ன? நீங்களும் சோப்பு டப்பா வடிவமைக்கும் கம்பெனிக்கு அனுப்பும்போது நிர்வாண ஓவியப் பயிற்சிகளை முன்னால் வைக்காதீர்கள்.

பத்துப் பன்னிரண்டு படைப்புகள் போதும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் பென்சில் கிறுக்கல், ஒத்துவராத நிறம், ஆசிரியர் சிவப்பு மையில் அடித்த தாள் எல்லாம் இருக்கட்டும். வேலை கொடுப்பவர் முக்கியமாகப் பார்ப்பது அதைத்தான். அளவு, ஊடகம், வருடம் எழுதுங்கள். குரூப் ப்ராஜெக்டில் உங்கள் பங்கு டீ வாங்கி வந்தது மட்டும் என்றால் அதை விட்டுவிடலாம்.

படம் எடுப்பதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். டியூப் லைட் வேண்டாம். நேர் வெயில் படாத ஜன்னலோரப் பகல் வெளிச்சம் போதும். கண்ணாடி ஃபிரேமைக் கழற்றிவிடுங்கள். இல்லையென்றால் ஓவியத்தைவிட நீங்களும் உங்கள் செல்போனும்தான் தெளிவாக விழுவீர்கள்.

மறக்காமல் முதல் பக்கத்திலேயே மெயில் முகவரியைப் போடுங்கள்.