ஒரே நாளில் திண்டுக்கல்லைச் சுற்றித் தீர்ப்பது எப்படி?

முதல் வேலை, மாதத்தைத் தேர்ந்தெடுப்பது. அருவி பார்க்கப் போகிறவர்களுக்கு மே மாதத்தை விட்டால் நல்ல மாதம் கிடையாது. பிள்ளைகளுக்கு லீவு, மச்சானுக்கு லீவு, கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரர்களும் இன்னும் ஊர் திரும்பவில்லை. அருவிக்கும் அப்போது லீவுதான். அது அங்கே போய் நின்றபிறகு தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

நான் கொஞ்சம் விவரமானவன் என்று ஜூலையில் கிளம்புகிறவர்களும் உண்டு. குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டது என்று டிவியில் காட்டினால், திண்டுக்கல்லிலும் கொட்டாமலா இருக்கும் என்பது அவர்கள் கணக்கு. தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலையும் பழனி மலையும் அந்தப் பக்கமே நிறுத்திக்கொண்டுவிடும். சமவெளிக்கு வந்து சேர்வது ஆடிக்காற்றும் அது கிளப்பும் செம்மண் புழுதியும்தான். இந்த மாவட்டத்து ஓடைகளில் தண்ணீர் ஓடுவது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில், வடகிழக்குப் பருவமழை பிடித்தபிறகு. ஆனால் அப்போது தீபாவளிச் செலவு இருக்கிறது, அரையாண்டுப் பரீட்சை இருக்கிறது, மழையில் எவனாவது மலைக்குப் போவானா என்று கேட்க ஓர் அத்தையும் இருக்கிறார். ஆகவே மே மாதமே உத்தமம்.

அடுத்து, திட்டம் போட ஒரு சித்தப்பா வேண்டும். எங்கள் வீட்டில் இருக்கிறார். உங்கள் வீட்டிலும் இருப்பார். செல்போனில் மேப்பைத் திறந்து, இரண்டு விரலால் விரித்துச் சுருக்கி, “கோட்டை, சிறுமலை, விருப்பாச்சி, புல்லாவெளி, டம்டம் பாறை, எல்லாம் பக்கம் பக்கம்டா, சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்துரலாம்” என்பார். மேப்பில் எல்லாம் ஒரு கட்டைவிரல் அகலத்துக்குள்தான் இருக்கும். சிறுமலை ஊருக்குக் கிழக்கே இருக்கிறது, விருப்பாச்சி மேற்கே பழனிச் சாலையில் ஒட்டன்சத்திரத்தைத் தாண்டி, டம்டம் பாறையோ தென்மேற்கே வத்தலக்குண்டையும் தாண்டி. இதை அவரிடம் சொல்லக் கூடாது. சொன்னால் பயணமே ரத்தாகும். சொல்லாவிட்டால், வழியிலுள்ள செம்பட்டி டீக்கடைக்காரர் சாயங்காலத்துக்குள் உங்கள் வேனை மறுபடி மறுபடி பார்த்துச் சிரிக்கத் தொடங்குவார், அவ்வளவுதான்.

காலைப் பலகாரத்துக்குப் பொங்கலும் வடையும் நெய் மினுமினுக்கச் சாப்பிட்டுவிட்டு நேராகச் சிறுமலை ஏறுங்கள். 18 கொண்டை ஊசி வளைவுகள். ஏழாவது வளைவில் பெரியம்மா எலுமிச்சம்பழம் கேட்பார். அது டிக்கியில், பெட்டிக்கு அடியில் இருக்கும். சிறுமலையைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை, ஏனென்றால் நீங்கள் பார்க்கப்போவதும் அவ்வளவுதான்.

இறங்கி வந்தால் மணி பன்னிரண்டு. கோட்டை ஏறச் சரியான நேரம். மலைக்கோட்டை நிற்பது ஒற்றைப் பாறைமேல்; நிழலுக்கு மரம் தேடுவதில் நேரம் வீணாகாது. பாறையில் வெட்டிய படிகளில் ஏறும்போது தண்ணீர் பாட்டிலை வேனிலேயே மறந்துவிட்டிருக்க வேண்டும். சாயங்காலம் வெயில் தாழ வந்து நிதானமாக ஏறலாமே என்று யாராவது சொன்னால், அதுவும் சரிவராது. நேரமானதும் வாசலை அடைத்துவிடுவார்கள். பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய ஊர், கெஞ்சிப் பயனில்லை.

உச்சியில் நின்றதும் சித்தப்பா, “இதைக் கட்டினது திப்பு சுல்தான்” என்று ஆரம்பிப்பார். கட்டத் தொடங்கியவர் மதுரை நாயக்கரான முத்துக்கிருஷ்ணப்பர், 1605இல். ஹைதர் அலி மைசூர் அரசின் ஃபௌஜ்தார் என்ற ராணுவ அதிகாரியாக இங்கே வந்து உட்கார்ந்தது 1755இல். பிரெஞ்சுக்காரர்களை வைத்து ஆயுதச் சாலை அமைத்து, பின்னாளில் மைசூரையே கையில் எடுத்துக்கொள்ளும் அளவுக்கு அவர் பலம் சேர்த்த இடங்களில் இது முக்கியமானது. 1790இல் ஆங்கிலேயக் கும்பினிப் படை பிடித்தது, 1792இல் ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையோடு ஊர் நிரந்தரமாகக் கைமாறியது. இதையெல்லாம் அங்கே வைத்துச் சொல்லித் திருத்தக் கூடாது. அவர் கோபித்துக்கொண்டால் வேன் வாடகையில் அவர் பங்கு போய்விடும்.

உச்சியில் ஒரு கோயில் இருக்கிறது, கருவறையில் சாமி இல்லை. அபிராமி அம்மன் கீழே ஊருக்குள் இறங்கி வந்துவிட்டாள் என்பது ஊர்ப்பேச்சு. வெறும் கருவறை முன்னால் நின்று கும்பிடுவதா வேண்டாமா என்று குடும்பம் இரண்டாகப் பிரியும். பெரியவர்கள் கும்பிடுவார்கள், காலேஜ் பையன் தூணைத் தட்டிப் பார்ப்பான். தூணைத் தட்டலாம். அதில் அவன் பெயரையும் இன்னொரு பெயரையும் நடுவில் ஓர் அம்பையும் செதுக்கத்தான் கூடாது. தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று சட்டம் சொல்கிறது. சுவரில் ஏற்கெனவே கரியில் எழுதியிருக்கும் காதலர்களைப் பார்த்தால், சட்டம் இந்தப் படிகளில் ஏறி வரும்போது பாதியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டது போலத் தெரிகிறது.

விருப்பாச்சிக்குப் போகும் வழியில் கடைப்பிடிக்க வேண்டிய ஒரே விதி: நிற்கக் கூடாது. “பழனி பக்கத்துலதானே இருக்கு, அப்படியே முருகனைப் பாத்துட்டு வந்துரலாம்” என்று அத்தை சொன்னதும் டிரைவர் அழுத்திவிடுவார். அந்த வேகத்தில் ஒரு முழுச் சரித்திரம் ஜன்னலோரம் ஓடிப்போகும். 1772இல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டபின், சிவகங்கை ராணி வேலுநாச்சியார் மகளோடு தப்பி வந்து தங்கியது இந்த விருப்பாச்சிப் பாளையத்தில்தான். எட்டு ஆண்டு. அடைக்கலம் கொடுத்தவர் கோபால் நாயக்கர். வேலுநாச்சியார் ஹைதர் அலியிடம் படை உதவி கேட்டு, அவரோடு உருதுவிலேயே பேசினார் என்பார்கள். அந்தப் படையோடு 1780இல் சிவகங்கையை மீட்டார். இருபது ஆண்டு கழித்துக் கும்பினிக்கு எதிராகப் பாளையக்காரர்களைக் கூட்டுச் சேர்த்த கோபால் நாயக்கரை 1801இல் திண்டுக்கல்லில் தூக்கிலிட்டார்கள். மத்தியானம் நீங்கள் வேனை நிறுத்த இடம் தேடி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தீர்களே, கோட்டைக்குப் பக்கத்தில் கோபாலசமுத்திரக் குளம், அதற்கு அவர் பெயர்தான் என்று ஊரில் சொல்வார்கள். விருப்பாச்சியில் மணிமண்டபம் இருக்கிறது. திரும்பி வரும்போது பார்க்கலாம் என்று சொல்லிக்கொள்ளுங்கள். அப்போதும் நேரமிருக்காது.

விருப்பாச்சியின் தலையூத்து அருவிக்கு மட்டும் எப்படியும் நிற்க வேண்டியிருக்கும், திட்டத்தில் இருக்கிறதே. டவல், மாற்றுத்துணி, ஷாம்பு பாக்கெட், குழந்தைக்குக் காற்றடைத்த வளையம் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு நடங்கள். நங்காஞ்சியாறு வழவழவென்று தேய்த்து வைத்த பாறைகள் இருக்கும். பாறைக் குழியில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும், அதில் தலைப்பிரட்டைகள் ஓடும். குழந்தை அதிலேயே ஒரு மணி நேரம் சந்தோஷமாக இருக்கும். பெரியவர்களுக்குத்தான் கொட்ட வேண்டும். கால் வைக்குமிடம் பார்த்து வையுங்கள். உங்களுக்கு முன்னால் வந்தவர்கள் பீர் பாட்டிலைத் தூளாக்கி விட்டுப் போயிருப்பார்கள்.

“தண்ணி எங்கண்ணே விழுகுது?” என்று வழியில் மாடு ஓட்டிப் போகிறவரிடம் மச்சான் கேட்பார்.

“இப்ப ஏதுங்க தண்ணி? ஐப்பசியில வாங்க. சத்தம் ரோட்டுக்கே கேக்கும்.”

அவர் சொன்னதை யாரும் குறித்துக்கொள்ளக் கூடாது.

கடை வாசலில் சின்னச் சின்ன மலைவாழைத் தார் தொங்கும். விருப்பாச்சி மலைவாழை, 2008இல் புவிசார் குறியீடு வாங்கியது, பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்த பழம். முடிக்கொத்து நோய் வந்து மலைத்தோட்டங்கள் பெருமளவு அழிந்து, மிச்சம் பிழைத்துக் கிடப்பது. “இத்தனூண்டு பழத்துக்கு இந்த விலையா?” என்று கேட்டுவிட்டு, பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு சிப்ஸ் பாக்கெட் வாங்கிக் கொடுங்கள். அதில் பாதி காற்று என்பதால் வயிறு கெடாது.

பிரியாணிக்கு நான்கு மணிக்கு வந்து சேருங்கள். 1957இல் தொடங்கிய தலப்பாக்கட்டி முதல் சந்துக்கடை வரை, சீரகச் சம்பாவும் ஆட்டுக்கறியும் மதியத்துக்கே வேகும் ஊர் இது. நீங்கள் போகும் நேரத்துக்கு அண்டாவைச் சுரண்டும் சத்தம் கேட்கும். “குஸ்கா மட்டும் இருக்குண்ணே” என்பார்கள். திண்டுக்கல் பிரியாணி அப்படியொன்றும் பெரிசாக இல்லை என்று அடுத்த பத்து ஆண்டுக்குச் சொல்லிக்கொண்டிருக்க அந்தக் குஸ்கா போதும்.

புல்லாவெளி விஷயத்தில் மட்டும் கிண்டலை நிறுத்திவிட்டுச் சொல்கிறேன். சித்தரேவிலிருந்து பெரும்பாறை ஏறும் மலைப்பாதை அழகு. காப்பித் தோட்டமும் மிளகுக் கொடியும் பலா மரமுமாக வழி நெடுகக் குளிர்ச்சி. அருவி மட்டும் குளிக்கிற அருவி இல்லை. நாம் போய் நிற்பது தண்ணீர் பள்ளத்தில் விழும் விளிம்புக்கு மேலே. அங்கே பாறை பாசி பிடித்து வழுக்கும். போட்டோவுக்கு இன்னும் இரண்டு அடி தள்ளி நின்றவர்கள் விழுந்து செத்திருக்கிறார்கள். தடுப்புக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பாருங்கள், திரும்புங்கள். போக நேரமில்லை என்றால் சந்தோஷம். இன்னும் கொஞ்சம் ஏறினால் தாண்டிக்குடியில் பெருங்கற்காலத்துக் கல்திட்டைகள் இருக்கின்றன. கோட்டைக்கெல்லாம் ஆயிரம் ஆண்டுக்கும் மேல் மூத்தவை. அதற்கென்று ஒரு நாள் தனியாக வர வேண்டும். சித்தப்பாவை விட்டுவிட்டு.

கடைசியாகக் கொடைக்கானல் சாலையில் டம்டம் பாறை. 2024 மே மாதத்திலிருந்து கொடைக்கானல் போக இ-பாஸ் வேண்டும் என்பதும், அது யார் செல்போனில் இருக்கிறது என்பதும் மலை ஏறத் தொடங்கியபின் நினைவுக்கு வர வேண்டும். பாறையிலிருந்து பார்த்தால் எதிர்மலையில் தலையாறு அருவி, 975 அடி, தமிழ்நாட்டிலேயே உயரமானது. தூரத்திலிருந்து ஒல்லியாகத் தெரிவதால் எலிவால் அருவி. கோடையில் எலி இன்னும் இளைத்துப்போயிருக்கும். மச்சான் ஒரு திசையைக் காட்டி “அதோ” என்பார், அத்தை வேறு திசையைப் பார்த்து “ஆமா ஆமா” என்பார், குரங்கு இதற்குள் மிளகாய்த்தூள் தூவிய மாங்காயை வாங்கிக்கொண்டு போய்விடும்.

போட்டோ எடுத்துக் குடும்ப குரூப்பில் போடுங்கள். கோயம்புத்தூர் மாமா இரண்டே நிமிடத்தில் கேட்பார்: “மலை நல்லாருக்கு மாப்ள, அருவி எங்க?” சிவப்பில் ஒரு வட்டம் போட்டு மறுபடி அனுப்புங்கள். எங்கே போட்டாலும் சரி.