கவர் பிரித்த பிறகு பேரமா?

கேள்வி: காய்கறிக்காரரிடம் ஐந்து ரூபாய்க்கு மல்லுக்கு நிற்கிறோம். கோடிகளில் வாங்கும் அரசு, டெண்டரில் குறைந்த விலை சொன்னவரைக் கூப்பிட்டு, ‘இன்னும் கொஞ்சம் குறையுங்கள்’ என்று கேட்டால் என்ன?

பதில்: கேட்பார்கள் என்று தெரிந்துவிட்டால், குறைப்பதற்கென்றே ஒரு தொகையைக் கூட்டி எழுதிவிட்டுத்தான் கவரை ஒட்டுவார்! பிறகு பெருந்தன்மையோடு குறைப்பார். கூட்டியது போனதே தவிர, மிச்சம் ஏது? அதைவிட ஆபத்து, மூடிய அறை. கடைக்காரரிடம் நீங்கள் பேசுவது உங்கள் காசுக்கு. அந்த அறையில் பேசப்படுவது ஊரார் காசு. என்ன பேசினார்கள் என்று ஊராருக்குத் தெரியாது. அதனால்தான் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 2007-ல், டெண்டருக்குப் பிந்தைய பேரமே பொதுவாகக் கூடாது என்றது. ஒரே நிறுவனம் தயாரிக்கும் பொருள், விற்பவர்கள் மிகச் சிலரே, கூடிப் பேசி விலை வைத்தார்களோ என்ற சந்தேகம் போன்ற நிலைகளில் மட்டும் விலக்கு. அப்போதும் மிகக் குறைந்த விலை சொன்னவரோடு மட்டுமே பேசலாம். காரணத்தையும் கோப்பில் எழுதி வைக்க வேண்டும்.

விலை குறைய வேறு வழி உண்டு. வீடுகளுக்கு மலிவு விலையில் எல்.இ.டி. பல்பு வழங்கிய மத்திய அரசின் உஜாலா திட்டத்துக்கு, பல்புகளை மொத்தமாக, திறந்த போட்டியில் வாங்கினார்கள். 2014-ல் 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை 2016-ல் 38 ரூபாய்க்கு வந்தது. எந்த அதிகாரி பேசி இவ்வளவு குறைத்திருப்பார்? ஆகவே, டெண்டருக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று முதலில் கேளுங்கள். ஒருவர்தான் என்றால், அவருக்காகவே எழுதப்பட்டவையா என்று டெண்டர் நிபந்தனைகளை வரி வரியாகப் படியுங்கள்.