‘மா’ எனும் ஓரெழுத்து: குதிரை முதல் கோதுமை வரை ஓர் ஆராய்ச்சி

தமிழில் ஓரெழுத்து ஒருமொழிகள் 42 என்று நன்னூலில் பவணந்தி முனிவர் எண்ணி வைத்தார். அவற்றுள் 41ஐ இவ்வாய்வு ஏறெடுத்தும் பார்க்காது. மிஞ்சிய ‘மா’ ஒன்றுக்கே ஆயுள் போதாது.

முதலில் உள்ளூர் நிலவரம். மா என்றால் மாமரம். மாவு. விலங்கு, குறிப்பாகக் குதிரை, சமயத்தில் யானை. பெருமையும் கருமையும் திருமகளும் அதற்குள்ளேயே அடக்கம். கணக்குப் பிள்ளைகளுக்கோ 20இல் 1 பங்கு. தஞ்சை வட்டாரத்தில் 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. அதாவது பின்னக் கணக்கும் நில அளவும் இங்கே அச்சொட்டாகப் பொருந்துகின்றன. (இவ்வாய்வில் ஒழுங்காகப் பொருந்திய ஒரே இடம் இதுதான், வாசகர் இங்கே சற்று இளைப்பாறலாம்.) யாப்பிலக்கணக்காரர்களும் சும்மா இருக்கவில்லை, தேமா, புளிமா என்று சீருக்குள் மரம் நட்டார்கள். ஆகவே ‘மாவில் மாவடியில் மா மா மேய்ந்தது’ என்பது குற்றமற்ற தமிழ் வாக்கியம். ஒரு மா நிலத்தில், மாமரத்தடியில், பெரிய குதிரை மேய்ந்தது என்று பொருள். குதிரைக்குப் புரிந்ததா என்பது தனி ஆய்வு.

களப்பணி சென்னையில் ஒரு மளிகைக் கடையில் நடந்தது. யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர், “தம்பி, ஒரு கிலோ மா தாங்கோ” என்றார்.

“மாங்காயாம்மா, மாம்பழமாம்மா?”

“கோதுமை மா, தம்பி. வெள்ளை மா.”

“மைதாவா? மைதா மாவுன்னு சொல்லுங்கம்மா!”

கடைப் பையனின் வாயில் ‘மா’ ஒவ்வொரு வாக்கியத்துக்கும் வாலாக முளைப்பதைக் கவனிக்க. அது ‘அம்மா’வின் எச்சம். ஆக, ஒரு கிலோ பொட்டலத்தில் மரமும் தாயும் மாவும் ஒன்றாகவே கட்டப்படுகின்றன.

இனி கடல் கடப்போம். சீனத்தில் தொனியை மாற்றினால் மா அம்மா, சணல், குதிரை, திட்டுதல் என்று வேஷம் மாற்றும். தொனியே இல்லாமல் சொன்னால் நம் ஆ-வினாவைப் போல வாக்கியக் கடைசியில் நிற்கும். ‘அம்மா குதிரையைத் திட்டுகிறாளா?’ என்று கேட்க ஐந்து மா போதும். தாய்லாந்தில் ஒரு மா வரும், ஒரு மா நாய், ஒரு மா குதிரை. வியட்நாமில் பேய், அம்மா, ஆனால், கல்லறை, குதிரை, நெல் நாற்று. கடைசியது நம்மைப் புல்லரிக்க வைக்கிறது: தஞ்சையின் மாவில் வியட்நாமின் மாவை நட்டுவிடலாம்.

இங்கேதான் ஆய்வாளனுக்கு வேர்க்கிறது. தமிழிலும் குதிரை, சீனத்திலும் குதிரை! குமரிக் கண்டத்திலிருந்து குதிரை ஏற்றுமதி என்று ஒரு நூலுக்குத் தலைப்புக்கூடத் தயார். ஆனால் வியட்நாமியக் குதிரை சீனத்திலிருந்து வந்த கடன். தமிழ் மாவோ முதலில் விலங்குப் பொது. குதிரை அதில் பின்னால் ஏறிக்கொண்டது. நூல் கைவிடப்பட்டது.

மற்ற நாடுகளை விரைந்து கடப்போம். ஹங்கேரியில் மா என்றால் இன்று, எஸ்தோனியாவில் நான், இத்தாலியில் ஆனால், பாரசீகத்தில் நாம். நால்வரும் வரிசையில் நின்று ஆளுக்கொரு மா சொன்னால், ‘இன்று நான், ஆனால் நாம்’ என்று ஒரு கூட்டணி அறிக்கை தயார். அதில் மூன்று குறிலாயிற்றே என்று தமிழாசிரியர்கள் ஆட்சேபிப்பார்கள். கூட்டணி என்றால் சில விட்டுக்கொடுப்புகள் உண்டு.

மா இரட்டித்தால் சிக்கலும் இரட்டிக்கும். ‘மாமா’ சென்னையில் அம்மாவின் தம்பி, தெருமுனையில் போலீஸ்காரர், பெய்ஜிங்கில் அம்மா, ஜார்ஜியாவின் திபிலிசியில் அப்பா. உதடு ஒட்டித் திறந்தாலே வரும் ஒலி. பால் குடிக்கையில் குழந்தை மூக்கால் முனகும் முனகலே அம்மாவின் பெயராயிற்று என்று 1960இல் வெளிவந்த கட்டுரையில் மொழியியலாளர் ரோமன் யாகப்ஸன் விளக்கினார். ஜார்ஜியக் குழந்தைகள் அதைப் படிக்கவில்லை. அங்கே அம்மாவுக்கு ‘தேதா’.

இத்தகைய ஒற்றுமைகள் எவ்வளவு தூரம் போகும்? ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ம்பாபரம் என்ற பழங்குடி மொழியை ஆராயப் போனார் ஆர். எம். டபிள்யூ. டிக்ஸன். நாய்க்கு உங்கள் மொழியில் என்ன என்று கேட்டார். ‘டாக்’ என்று பதில் வந்தது. ஆங்கிலத்திலிருந்து வாங்கியதல்ல, அண்டை மொழியான இடினில் நாய் ‘குடகா’, அது முன்னும் பின்னும் தேய்ந்து தேய்ந்து, தற்செயலாக ஆங்கில நாயாகவே வந்து நின்றுவிட்டது. (குடகாவைக் குடகு மலையோடு முடிச்சுப் போடும் ஆவல் எழுகிறது. அடக்கிக்கொள்கிறேன்.)

காரணம் சாதாரணம். வாய்க்கு எளிதான ஒலிகள் கொஞ்சம், சொல்ல வேண்டிய சங்கதிகள் கோடி. சொல் குறுகக் குறுக மோதல் பெருகும். ஓரெழுத்தில் மோதாவிட்டால்தான் ஆச்சரியம். இரண்டு மொழிகளை உறவு என்று சொல்ல ஒரு சொல் போதாது. சொல்லுக்குச் சொல் ஒரே விதிப்படி ஒலி மாறி வரவேண்டும். கால்டுவெல் 1856இல் திராவிட மொழிகளை ஒரு குடும்பமாக நிறுவியபோது, ஒரு மாவை வைத்துக்கொண்டு நிறுவவில்லை.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உலகத்து அம்மாக்கள் எல்லோரும் தமிழிலிருந்து போனவர்களே என்று வாட்ஸாப்பில் செய்தி வந்தால், பத்து பேருக்கு அனுப்புமுன் ஒரு ஜார்ஜியரிடம் அவர் அப்பாவை எப்படிக் கூப்பிடுகிறார் என்று கேட்டுவிடுங்கள்.